அடி விழுந்தால் என்ன ஆக வேண்டும்: மான்ஸ்டர்களின் தற்காப்பை வடிவமைப்பது பற்றி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு 2014இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் ஓகர் என்றொரு பூதம் இருக்கிறது. பெரிய உடம்பு, மந்த புத்தி, கையில் ஒரு தண்டாயுதம். அதன் ஆர்மர் கிளாஸ் 11, ஹிட் பாயின்ட் 59. அதே புத்தகத்தில் அனிமேட்டட் ஆர்மர் என்று இன்னொன்று உண்டு. உள்ளே ஆளே இல்லாமல் தானாக நடந்துவந்து அடிக்கும் இரும்புக் கவசம் அது. ஆர்மர் கிளாஸ் 18, ஹிட் பாயின்ட் 33.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக நடிக்கும் விளையாட்டு இது. டன்ஜன் மாஸ்டர் என்பவர் உலகத்தையும் எதிரிகளையும் பார்த்துக்கொள்கிறார். எதிரியை அடிக்க இருபது முகப் பகடையை உருட்டி, வருகிற எண்ணோடு உங்கள் கூடுதல் புள்ளியைச் சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை எதிரியின் ஆர்மர் கிளாஸைத் தொட்டால் அடி விழும். விழுந்த அடியின் சேதம் ஹிட் பாயின்டில் கழியும். பூஜ்யம் ஆனால் ஆள் காலி.

சரி, முதல் லெவல் வீரன் ஒருவனை இந்த இரண்டோடும் மோதவிட்டுப் பார்ப்போம். அவனுடைய கூடுதல் புள்ளி 5, வாள் சராசரியாக 7.5 சேதம் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஓகர் மேல் அவன் அடி 75 சதவீதம் விழும். கவசத்தின் மேல் 40 சதவீதம்தான். ஓகரின் 59ஐ 0.75ஆல் வகுத்தால் சுமார் 79 வருகிறது. கவசத்தின் 33ஐ 0.4ஆல் வகுத்தால் 82.5 வருகிறது. அதாவது இரண்டையும் சாய்க்க அவன் ஏறக்குறைய அதே 11 முறைதான் வாள் வீச வேண்டும்.

கணக்கில் இரண்டும் ஒன்றுதான். மேசையில் இரண்டும் வேறு வேறு. ஓகரோடு சண்டையில் அடி விழுந்துகொண்டே இருக்கிறது, ரத்தம் தெறிக்கிறது, ஆனால் அது சாய மாட்டேன் என்கிறது. கவசத்தோடு சண்டையில் ஒருவர் பகடையை உருட்டி, 'படவில்லை' என்று கேட்டு, தன் முறை மறுபடி வரும்வரை காத்திருக்கிறார். பிறகு பட்டால் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று பெரிய துண்டாகப் பெயர்கிறது. மந்திரவாதியும் சேர்ந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். சேவிங் த்ரோ கேட்கும் மந்திரங்களுக்கு ஆர்மர் கிளாஸ் ஒரு பொருட்டே இல்லை. எதிரிதான் பகடை உருட்டித் தப்ப வேண்டும். தீ மழை பொழிந்தால் 33 பாயின்ட் கவசம் சீக்கிரம் உதிரும், 59 பாயின்ட் ஓகர் அதைவிட நேரம் தாக்குப்பிடிக்கும். இது தெரிந்த மேசையில் கவசம் வந்ததும் வீரர்கள் பின்வாங்கி மந்திரவாதிக்கு வழிவிடுவார்கள்.

மான்ஸ்டரின் தற்காப்பை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். அது சண்டையை எத்தனை சுற்று நீட்டுகிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். மேசையில் இருப்பவர்கள் அடுத்து செய்யப்போவதை அது மாற்றுகிறதா என்பதே முதல் கேள்வி. எதையும் மாற்றாமல் எண்ணை மட்டும் ஏற்றும் தற்காப்பு, நண்பர்களின் ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடுகிறது.

ஆர்மர் கிளாஸ் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தச் சிக்கலின் வேர் கொஞ்சம் பிடிபடும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். இருவருமே போர் விளையாட்டுக்காரர்கள். ஹிட் பாயின்டையும் ஆர்மர் கிளாஸையும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களுக்கான விதிகளிலிருந்து எடுத்துக்கொண்டதாக ஆர்னசன் சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு இது பொருத்தம்தான்: தகடு எவ்வளவு தடிமன், எத்தனை குண்டு தாங்கும் என்ற இரண்டு எண் போதும். ஆனால் கப்பல் நடந்ததைப் பார்த்து யோசிப்பதில்லை, பயப்படுவதில்லை. பூதம் அதையெல்லாம் செய்ய வேண்டும். அந்த இரண்டு எண்ணுக்கு மேலே மற்றதையெல்லாம் அடுக்கடுக்காகச் சேர்த்துக் கட்டியதுதான் அடுத்த ஐம்பது ஆண்டு வரலாறு.

தொடக்கத்தில் ஆர்மர் கிளாஸ் இறங்குமுகமாக இருந்தது. வெறும் உடம்புக்கு 9, முழுக் கவசமும் கேடயமும் இருந்தால் 2. எண் குறையக் குறைய நல்லது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கி, ஏற ஏற நல்லது என்று எளிமையாக்கியது. எளிமையாக்கிய கையோடு அதை மூன்றாகவும் பிரித்தது: வழக்கமான ஆர்மர் கிளாஸ், சும்மா தொட்டாலே போதும் என்ற தாக்குதல்களுக்கான டச் ஆர்மர் கிளாஸ், அசந்திருக்கும்போது உள்ள ஆர்மர் கிளாஸ். காகிதத்தில் இது அருமையான யோசனை. நடைமுறையில் என்ன ஆனது என்பதற்கு அந்தப் பதிப்பின் மிக மூத்த சிவப்பு டிராகனே சாட்சி. அதன் ஆர்மர் கிளாஸ் 41, டச் ஆர்மர் கிளாஸ் 2. உடம்பு பெரிது என்பதால் தொடுவது சுலபம் என்ற தர்க்கம் சரிதான். ஆனால் வீரன் வியர்வை சிந்தி 41ஐ எட்டப் போராடும்போது, பக்கத்தில் நிற்கும் மந்திரவாதி பகடையில் 1 விழாமல் இருந்தாலே தன் கதிரைப் பாய்ச்சிவிடலாம். ஒரு பாதையை அடைக்கும் உழைப்பில் அடுத்த பாதையைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

ஐந்தாம் பதிப்பு இந்த ஏணியையே குட்டையாக்கியது. 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் மான்ஸ்டர் செய்வதற்கான அட்டவணை ஒன்று உண்டு. அதில் தொடக்க நிலை எதிரிகளுக்கு ஆர்மர் கிளாஸ் 13. உச்சிக்குப் போனாலும் 19தான். வீரனின் கூடுதல் புள்ளியும் மந்திர ஆயுதம் இல்லாமல் 5இல் தொடங்கி 11இல் முடிகிறது. 13க்கு எதிரே 5, 19க்கு எதிரே 11 என்று எப்படிப் போட்டாலும் அடி விழும் வாய்ப்பு 65 சதவீதம். மூன்றில் இரண்டு அடி விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டு, மிச்சத்தை ஹிட் பாயின்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். சொந்தமாக மான்ஸ்டர் செய்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இந்த 65தான்.

ஏனென்றால் ஆர்மர் கிளாஸில் ஒரு புள்ளிக்கு எல்லா இடத்திலும் ஒரே விலை இல்லை. அடி விழும் வாய்ப்பு 65இலிருந்து 60க்கு இறங்கினால் மான்ஸ்டரின் ஆயுள் சுமார் 8 சதவீதம்தான் கூடும். 15இலிருந்து 10க்கு இறங்கினால் ஆயுள் ஒன்றரை மடங்காகும். 'கொஞ்சம் கடினமாக்கலாமே' என்று ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் எண்ணை இன்னும் இரண்டு ஏற்றினால் சண்டை கல்லாகிவிடும். ஹிட் பாயின்டை ஏற்றினால் சண்டை நீளும், அவ்வளவுதான். அடி விழுவது நிற்காது. ஆகவே உயர்ந்த ஆர்மர் கிளாஸை, அதைச் சுற்றிப்போக வேறு வழி வைத்திருக்கும் மான்ஸ்டருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த அடுக்கு, எந்த அடி என்று பார்க்கும் தற்காப்பு. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இதைப் புரிந்துகொள்ள, பட்ட காயம் தானாக ஆறிவிடும் பூதமான டிரோலைவிட நல்ல உதாரணம் இல்லை.

2014 மான்ஸ்டர் மேனுவலின் டிரோலுக்கு ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயின்ட் 84. தன் முறை தொடங்கும்போதெல்லாம் 10 ஹிட் பாயின்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். நெருப்போ அமிலமோ பட்டிருந்தால் மட்டும் அடுத்த முறை அது நடக்காது. பூஜ்யத்துக்கு வந்தாலும் சாகாது. பூஜ்யத்தில் தன் முறையைத் தொடங்கி, அப்போது வளரவும் முடியாமல் போனால்தான் சாகும்.

அந்த 10 உண்மையில் எவ்வளவு பெரியது? ஐந்தாம் லெவல் வீரர்கள் நான்கு பேர், ஆளுக்கு இரண்டு வீச்சு, வீச்சுக்கு 8.5 சேதம், அடி விழும் வாய்ப்பு 65 சதவீதம் என்றால் சுற்றுக்கு சுமார் 44 சேதம் செய்கிறார்கள். டிரோலுக்குக் காயம் ஆறாவிட்டால் இரண்டு சுற்றில் பூஜ்யம், ஆறினால் மூன்று சுற்று. ஒரே சுற்றுதான் வித்தியாசம். இதே டிரோலை மூன்றாம் லெவல் வீரர்கள் நான்கு பேர் எதிர்த்தால்? ஆளுக்கு ஒரு வீச்சு, 7.5 சேதம், 55 சதவீதம். சுற்றுக்கு 16.5தான் தேறும். காயம் ஆறாவிட்டால் 6 சுற்று, ஆறினால் 12 சுற்று. அதுவரை டிரோல் கைகட்டி நிற்காது என்பதால் 12 சுற்று என்பது கிட்டத்தட்ட சாவுதான். ஒரே 10, ஒரு குழுவுக்குத் தூசு, இன்னொரு குழுவுக்கு மலை. மாறாத எண் கொண்ட எந்தத் தற்காப்புக்கும் இந்தக் குணம் உண்டு. எதிரே நிற்பவர்கள் சுற்றுக்கு எவ்வளவு சேதம் செய்வார்கள் என்று தெரியாமல் அதை எழுதக் கூடாது.

ஆனால் டிரோலின் அழகு அந்தப் பத்தில் இல்லை. கையில் எரிகிற தீப்பந்தத்தால் ஓர் அடி அடித்தால் 1 புள்ளி நெருப்புச் சேதம். அந்த ஒரு புள்ளியே போதும், அடுத்த முறை காயம் ஆறாது. விதிப்புத்தகத்தில் தீப்பந்தத்தின் விலை ஒரு செப்புக் காசு. அதாவது இந்த மான்ஸ்டருக்கான விடை எல்லோர் மூட்டையிலும் ஏற்கெனவே கிடக்கிறது. அதைச் செய்ய ஒருவர் தன் நல்ல வாளைக் கீழே போட்டுவிட்டு, ஏறக்குறைய சேதமே தராத பந்தத்தை எடுக்க வேண்டும். யார் அந்த ஆள்? எப்போது எடுப்பது, முதல் சுற்றிலா, டிரோல் விழப்போகும்போதா? மேசையில் உடனே பேச்சு தொடங்குகிறது. மந்திரவாதியின் நெருப்பு தீர்ந்துவிட்டதா என்று யாரோ கேட்கிறார்கள். எல்லோரும் ஏதோ ஒன்றை முடிவு செய்கிறார்கள். விலை மலிவு, எல்லோருக்கும் எட்டும், ஆனால் யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக டிரோல் இந்த விளையாட்டில் நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் ஐம்பது ஆண்டு கூடவே வந்தது: மந்திர ஆயுதம் இருந்தால்தான் காயப்படும் என்ற விதி. பழைய பதிப்புகளில் பல மான்ஸ்டர்களை மந்திர ஆயுதம் இல்லாமல் தொடவே முடியாது. மந்திர வாள் கிடைக்காத குழுவுக்கு அது முட்டுச்சந்து. கிடைத்த குழுவுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே நினைவிருக்காது. இரண்டு பக்கமும் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. 2003இல் வந்த 3.5 பதிப்பு இதைத் திருத்தப் பார்த்தது. இந்த எதிரிக்கு வெள்ளி, அந்த எதிரிக்குக் குளிரிரும்பு, எலும்புக்கூட்டுக்கு நசுக்கும் ஆயுதம், ஸாம்பிக்கு வெட்டும் ஆயுதம் என்று பிரித்தார்கள். எண்ணம் நல்லதுதான். விளைவு, வீரர்கள் முதுகில் ஒரு கட்டு ஆயுதத்தோடு அலைந்தார்கள். எதிரியின் பெயர் தெரிந்ததும் சரியான ஆயுதத்தை உருவினால் போதும், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. 2025இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் மந்திரமில்லாத ஆயுதத்துக்கு எதிரான அந்தப் பொதுத் தற்காப்பையே எடுத்துவிட்டார்கள். பலருக்கு வருத்தம். எனக்கு ஓநாய் மனிதனின் வெள்ளி போனதில் மட்டும் வருத்தம் உண்டு. வெள்ளி முலாம் பூச ஊருக்குள் போய் ஆள் தேட வேண்டும், காசு திரட்ட வேண்டும், அடுத்த பௌர்ணமிக்குள் முடிக்க வேண்டும். அந்த விதி ஒரு கதையையே கொண்டுவந்தது. மற்றவை போனது நல்லதே.

எடுத்துவிட வேண்டிய இன்னொரு வகை, ஒரு ஆட்டக்காரரை மொத்தமாக அழித்துவிடும் தற்காப்பு. மூன்றாம் பதிப்பில் செத்தும் நடமாடுபவை, கோலெம் போன்ற செய்பொருட்கள், கூழ் உயிரிகள் எதற்கும் மர்ம இடம் கிடையாது என்பதால், திருடனின் மறைந்து தாக்கும் திறன் அவற்றின் மேல் செல்லாது. தர்க்கப்படி சரி. ஆனால் அந்தத் திருடனாக விளையாடுபவர் ஒரு கல்லறை சாகசம் முழுக்க, அதாவது பல வாரம், தன் கதாபாத்திரத்தின் மையமான திறமையே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான்காம், ஐந்தாம் பதிப்புகள் இந்தத் தடையை நீக்கின. ஒரு தற்காப்பு எழுதும்போது மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முகத்தையும் நினைத்துப் பார்த்து, 'இவருக்கு அன்றைக்குச் செய்ய என்ன இருக்கும்' என்று கேட்க வேண்டும். ஒருவரின் வழக்கமான வழி அடைபடலாம். மாற்றுவழி ஒன்றுகூட இல்லாமல் போகக் கூடாது.

இதில் நம்மூர்த் தொடர்புள்ள ஓர் உயிரி உண்டு. ராட்சசர்களை இந்த விளையாட்டு ஆரம்ப காலத்திலேயே எடுத்துக்கொண்டு, புலித்தலை வைத்துத் தன் போக்கில் மாற்றிவிட்டது. 1977இன் மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசனைக் கொல்ல ஒரு குறுக்குவழி: மதகுரு ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் போதும். 2014 மான்ஸ்டர் மேனுவலில் ஆறாம் நிலை வரையிலான எந்த மந்திரமும் அவன் விரும்பினால் ஒழிய அவனைத் தொடாது. ஏழாம் நிலை மந்திரம் பதின்மூன்றாம் லெவலில்தான் கிடைக்கும் என்பதால், அதற்குக் கீழே உள்ள மந்திரவாதி நேரடியாக எதுவும் செய்ய முடியாது. நண்பனின் கைக்கு வலுவேற்றலாம், காலடித் தரையை உடைக்கலாம், கூரையைச் சாய்க்கலாம். ஆகவே ராட்சசனை வைக்கும் அறையில் உடைக்க, சாய்க்க ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.

இரணியன் வரம் கேட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, நிலத்திலும் வானத்திலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. இதைவிடக் கெட்டியான இம்யூனிட்டிப் பட்டியலை எந்த விதிப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வரத்தின் வாசகம் கேட்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததால்தான் அந்தி, வாசற்படி, மடி, நகம் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது நெஞ்சு படபடக்கிறது. வரத்தை மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் நரசிம்மரை மட்டும் காட்டினால் அது ஏதோ ஒரு சிங்கம் ஒருவனைக் கொன்ற செய்தி. மான்ஸ்டர் வடிவமைப்பில் பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில். தற்காப்பை எழுதுகிறார்கள். அது எப்படித் தெரியவரும் என்பதை எழுத மறக்கிறார்கள்.

கருங்கூழ் உயிரி ஒன்று உண்டு, பிளாக் புட்டிங் என்று பெயர். வாளால் வெட்டினால் இரண்டாகப் பிரிந்து இரண்டுமாக வந்து தாக்கும். தொட்ட ஆயுதத்தை அரிக்கும். இதற்கு முன்னறிவிப்பே தேவையில்லை. முதல் வெட்டிலேயே எல்லோர் கண்முன்னும் பாடம் நடந்துவிடுகிறது, இரண்டாவது வெட்டுக்கு முன் யாரும் யோசிப்பார்கள். பாதிச் சேதம் மட்டும் ஏற்கும் மான்ஸ்டர் அப்படியல்ல. டன்ஜன் மாஸ்டர் தன் தாளில் 14ஐ 7 என்று எழுதிக்கொள்கிறார். ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. எதிரிக்கு ஹிட் பாயின்ட் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். 'வாள் பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது, தோலில் கீறல்தான் விழுந்தது, சுத்தியல் பட்ட இடத்தில் மட்டும் விரிசல் ஓடுகிறது' என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னால் அதே விதி உயிர்பெறுகிறது. அந்த வாக்கியத்தை மான்ஸ்டரின் எண்களோடு சேர்த்து முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சண்டையின் அவசரத்தில் அது வாயில் வராது.

பழைய ஆட்டக்காரர்களுக்கு டிரோலும் நெருப்பும் மனப்பாடம் என்பதால், சிலர் ரகசியமாக நெருப்பை உப்பாக மாற்றிவிடுகிறார்கள். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் உப்பளத்தை ஒட்டிய கிராமங்களில் மட்டும் டிரோல் நடமாட்டமே இல்லை என்ற சேதி சண்டைக்கு முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். விழாவிட்டால் ஆட்டக்காரரின் அனுபவத்தை அவருக்கு எதிராகவே திருப்பியதாக ஆகிவிடும்.

இப்போது பெரிய எதிரிகள். தனி ஆளாக நிற்கும் டிராகனுக்கு முக்கிய ஆபத்து வாள் அல்ல, ஒரே மந்திரத்தில் முடங்கிப்போவது. ஐந்தாம் பதிப்பின் வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு ஆர்மர் கிளாஸ் 19, ஹிட் பாயின்ட் 256. மனவலிமைக்கான சேவிங் த்ரோவில் அதன் கூடுதல் புள்ளி 7. பதின்மூன்றாம் லெவல் மந்திரவாதியின் மந்திரத்தை எதிர்க்க 18 வேண்டும் என்றால், பகடையில் 11 விழ வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் முறையிலேயே டிராகன் உறைந்துபோனால், மாதக்கணக்கில் காத்திருந்த சண்டை ஐந்து நிமிடத்தில் முடியும். இதைத் தடுக்க லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் கொடுத்தார்கள்: ஒரு நாளைக்கு 3 முறை, தோற்ற சேவிங் த்ரோவை ஜெயித்ததாக மாற்றிக்கொள்ளலாம்.

காரியத்தில் இது உதவுகிறது. ஆனால் எனக்கு இதில் ஒரு பெரிய குறை தெரிகிறது. வீரர்கள் 256 என்ற எண்ணைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள், மந்திரவாதி 3 என்ற எண்ணைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் சந்திப்பதே இல்லை. வீரர்கள் முந்திக்கொண்டால் மந்திரவாதியின் சுற்றுகள் வீண். மந்திரவாதி முந்திக்கொண்டால் வீரர்களின் அடிகள் வீண். ஒரே மேசையில் இரண்டு தனித்தனிச் சண்டை நடக்கிறது. அதோடு, தன் மிகச் சிறந்த மந்திரம் பலித்த கணத்தில் 'இல்லை, பலிக்கவில்லை' என்று கேட்பது கசப்பான விஷயம்.

இதற்கு மருந்து எளிது. எதிர்ப்பு ஒவ்வொன்றும் டிராகனுக்கு ஏதாவது செலவு வைக்க வேண்டும். நான் விரும்பும் வழி: மந்திரத்தை உதறித்தள்ளும்போது மார்புச் செதில்கள் வெடித்துச் சிதறும், ஆர்மர் கிளாஸ் ஒன்று குறையும். மூன்று முறை உதறினால் 19 என்பது 16 ஆகிவிடும். அதே லெவல் வீரனின் அடி 60 சதவீதத்திலிருந்து 75க்கு ஏறும். இப்போது மந்திரவாதியின் தோல்வி வீரனுக்கு வழி செய்கிறது. மந்திரம் பலிக்காவிட்டாலும் ஏதோ நடந்தது, எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மான்ஸ்டரின் உடம்பில் உள்ள தற்காப்பு. இடத்தில் உள்ள தற்காப்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும். 1987இல், இந்த விளையாட்டுக்கான டிராகன் என்ற இதழின் 127ஆம் எண்ணில், அதன் ஆசிரியர் ரோஜர் மூர், டக்கர் என்ற டன்ஜன் மாஸ்டரின் கோபால்டுகளைப் பற்றி எழுதினார். கோபால்டு என்பது விளையாட்டிலேயே நோஞ்சான் எதிரிகளில் ஒன்று. 2014 மான்ஸ்டர் மேனுவலில் அதற்கு 5 ஹிட் பாயின்ட்தான். டக்கரின் கோபால்டுகளோ குறுகலான நடைவழிகள், சுவர்த் துளைகள், நெருப்பு, பூட்டிய கதவுகள் ஆகியவற்றை வைத்துப் பெரிய பெரிய வீரர்களை ஓட ஓட விரட்டின. எண்கள் எதுவும் மாறவில்லை. முக்கால்வாசி உடம்பு மறைந்திருந்தால் ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஆர்மர் கிளாஸ் 5 கூடும், முழுக்க மறைந்தால் குறிவைக்கவே முடியாது. இந்தத் தற்காப்புக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: ஆட்டக்காரர்களால் அதை உடைக்க முடியும். சுவரை இடிக்கலாம், புகை போடலாம், சுற்றிவந்து பின்வாசலைப் பிடிக்கலாம். உடம்பில் எழுதிய எண்ணோடு யாரும் பேரம் பேச முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் செய்தும் காட்ட வேண்டும். ஐந்தாம் லெவல் குழு ஒன்றுக்காக, பாழடைந்த ஒரு சூளையைக் காக்கும் களிமண் காவலன். ஹிட் பாயின்ட் 95.

ஈரமாக இருக்கும்போது ஆர்மர் கிளாஸ் 13. வாள் சுலபமாக இறங்கும், ஆனால் சிக்கிக்கொள்ளும். பலம் காட்டி உருவினால்தான் மறுபடி வீசலாம். சுத்தியல் போன்றவை சேற்றில் விழுவதால் பாதிச் சேதம். ஒரே சுற்றில் 10க்கு மேல் நெருப்புச் சேதம் பட்டால் காவலன் வெந்து ஓடாகிவிடுவான். அப்போது ஆர்மர் கிளாஸ் 18, வாள் இனி சிக்காது, நடை பாதியாகக் குறையும், நசுக்கும் ஆயுதத்துக்கு இரட்டைச் சேதம்.

கூடுதல் புள்ளி 7, சேதம் 8.5 உள்ள வீரனுக்கு இது என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஈரத்தில் வாளுக்கு வீச்சுக்குச் சராசரி 6.4, வெந்தபின் 4.25. சுத்தியலுக்கு ஈரத்தில் 3.2, வெந்தபின் 8.5. ஆக, நெருப்பு வைப்பது எல்லோருக்கும் லாபமல்ல. வாள்காரர்கள் இருவரும் சுத்தியல்காரர் ஒருவரும் உள்ள குழு, ஆயுதம் சிக்கும் தொல்லையைப் பொறுத்துக்கொள்வதா, சுட்டுவிட்டு வாள்காரர்களைப் பின்னால் நிறுத்துவதா என்று வாதாட வேண்டியிருக்கும். நெருப்பு மந்திரம் இல்லாவிட்டால் சூளையின் அடுப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பீப்பாய் இருக்கிறது. வெந்த காவலனை மறுபடி ஈரமாக்க முடியாது என்பதால் முடிவு ஒருமுறைதான்.

அறிகுறிகளை வாசலிலிருந்தே போடலாம். நுழைவழியில் சுக்குநூறாக நொறுங்கிக் கிடக்கும் பழைய காவலன் ஒருவன், ஓடுகளின் உடைந்த விளிம்பு கருகிச் சிவந்திருக்கும். உயிரோடிருப்பவனின் விலாவில் துருப்பிடித்த மூன்று வாள்கள் செருகி நிற்கும், பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரர்களின் எலும்பு.

இனி ஒரு நடைமுறைக் கேள்வி மிச்சம்: ஆர்மர் கிளாஸ் எவ்வளவு என்று வாயைத் திறந்து சொல்லிவிடலாமா? பல டன்ஜன் மாஸ்டர்கள் கடைசிவரை மறைப்பார்கள். நான் சொல்லிவிடும் கட்சி. முதல் சுற்று முடிந்ததும், '18 வேண்டும்' என்று சொல்லிவிடலாம். வீரன் எதிரியை இரண்டு மூன்று அடியில் எடைபோடத் தெரிந்தவன்தானே. காவலன் வெந்து இறுகும்போதும், 13 இப்போது 18 ஆகிவிட்டது என்று அங்கேயே அறிவிக்க வேண்டும். எண் கையில் இருந்தால், இன்னும் ஒருமுறை உருட்டிப் பார்ப்பதா, சுத்தியலை வாங்கிக்கொண்டு பக்கத்து ஆளுக்கு இடம்விடுவதா என்று அவரே தீர்மானிக்க முடியும்.